நீ சொல்லாமல் விட்ட ஆமென்

என் பிரியமுள்ள எஸ்தரக்கா,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. திட்டித்தான் எழுதப் போகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. செத்துப்போனதற்காகத்தான், வேறென்ன?

ஆரணியில் உன்னை எல்லாரும் ஜெபக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்து ஜெபம் பண்ணுவது சபை உனக்குக் கொடுத்த வேலை. தறிக்காரர் தெரு, சாயப்பட்டறைச் சந்து, பஸ் ஏறிக் கண்ணமங்கலம் என்று நீ போகாத வாசல் உண்டா? சர்ச்சுக்கே வராத நெசவு வீட்டுப் பெண்கள்கூடப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உன்னைத்தான் தேடி வந்தார்கள். முடியாது என்று ஒருத்தரிடமும் நீ சொன்னதில்லை.

"உனக்குன்னு எப்பக்கா ஜெபம் பண்ணுவ?" என்று கேட்டால், "நடக்கறப்ப பண்ணிக்கிறேன்டி" என்பாய். நடக்கும்போதும் யாராவது கூடவே பேசிக்கொண்டுதானே வந்தார்கள்?

அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. வேலூர் டாக்டர் வார்டில் சேரச் சொன்னார். நீதான், ஞாயிறு ஆராதனைக்கு ஆள் வேண்டும் என்று திரும்பி வந்தாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா வண்டியில் என் மடியில் சாய்த்துக் கூட்டி வந்தேன்.

உடம்பு விசாரிக்க ஊரே வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? வந்தவர்கள் ஜெபமில்லாமல் எழுந்து போகக் கூடாது. ஊழியக்காரர் இருக்கும் இடத்தில் ஊழியக்காரர்தான் ஜெபிக்க வேண்டும். படுத்திருப்பவளே ஊழியக்காரி என்றால்? அதை யாரும் யோசிக்கவில்லை. மகள் கல்யாணம், புருஷன் குடி, தறி நின்றுபோன கதை எல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிடும்மா, ஜல்தியா கெளம்பிடறேன்" என்றார்கள். நீயும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து முக்காடு போட்டாய். நான் வாசலை மறித்தேன். "விடுடி, பாவம், வெயில்ல வந்துகினு இருக்காங்க" என்றாய். அவர்கள் பாவம். அப்போ நீ?

அன்றைக்குப் பகலில் நான் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது, பிறகு நின்றது. மனசுக்குள் ஜெபிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சியோடு உள்ளே வந்தால், மூன்று பெண்கள் தலை குனிந்து கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆமென் வரும்வரை கண் திறக்கக் கூடாதே! நீ சுவரில் சாய்ந்திருந்தாய். முக்காடு நழுவவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

அடக்க ஆராதனையில் "கடைசி மூச்சுவரை ஊழியம்" என்று புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயேசுவே ஜனங்களை அனுப்பிவிட்டுத் தனியாக மலைக்குப் போய் ஜெபித்தாரே, அவரைவிட நீ பெரிய ஆளா அக்கா?

இப்போது உன் வேலையை நான் பார்க்கிறேன். போதகர் ஐயா கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. மத்தியானம் கதவைச் சாத்திக்கொள்வேன், அது எனக்கும் கர்த்தருக்குமான நேரம் என்று மட்டும் சொன்னேன். "அக்கா மாதிரி வருமா? இவளுக்கு ராங்கி" என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். ஆனால் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்கிறது, அக்கா. சில நாள் ஜெபமே வராமல் முழங்காலில் நின்று அழுகிறேன்.

போன வாரம் எனக்கும் காய்ச்சல். சாயப்பட்டறை வள்ளியம்மா வந்தாள். அன்றைக்கு உன்னெதிரில் கண் மூடி உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். "ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"என்னால முடியாதுங்க. நீங்க எனக்குப் பண்ணுங்க" என்றேன்.

"ஐய, எனக்கு இன்னாம்மா தெரியும்? நாங்க வேற சாமி கும்புடறவங்க."

"தெரிஞ்சதச் சொல்லுங்க."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சாயம் ஏறிய கையை என் தலைமேல் வைத்தாள். கண்ணை மூடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி, இந்தப் பொண்ணு நல்லாத் தூங்கட்டும். இவங்க அக்காவத்தான் நாங்க தூங்க வுடல" என்றாள்.

அதற்குமேல் முடிக்க அவளுக்குத் தெரியவில்லை. ஆமென் நான்தான் சொன்னேன். உனக்கும் சேர்த்து.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உன்னைப் பார்க்க நான் அவசரப்பட்டு வர மாட்டேன். நரைத்து, பல் கொட்டி, கிழவியாகித்தான் வருவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
கிருபா