மூன்றாவது கதையில் வருகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். பாப்பாவுக்கு ஐந்து மாதம். காப்பகத்தில் விட்டுவிட்டுக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். "உங்க பொண்ணு அழவே இல்ல, நீங்கதான் அழறீங்க" என்றார் காப்பகத்து அம்மா. அவர் இருப்பதால்தான் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நன்றி சொல்ல மறந்துவிட்டேன். நாளை சொல்ல வேண்டும்.

வேலை பிடித்திருக்கிறது. உடல்நலம் பற்றிய கணக்கெடுப்பு; பதினொரு நாடுகளில் ஒரே கேள்வி: 'உடல்நலக் குறைவு உங்கள் வேலைக்கு எவ்வளவு இடையூறாக இருக்கிறது?' கொஞ்சமும் இல்லை, லேசாக, ஓரளவு, அதிகமாக, மிக அதிகமாக – இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் ஐந்தில் ஒருவர் 'அதிகமாக' என்கிறார். பக்கத்து நாட்டில் இருபதில் ஒருவர்கூட இல்லை. அங்கே வலியே இல்லையா, அல்லது வெளியே சொல்வதில்லையா? ஆளாளுக்கு அளவுகோல் வேறு என்கிறார் எங்கள் குழுத்தலைவி. அதற்காகவே குட்டிக் கதைகள் வைத்திருக்கிறோம். கற்பனை மனிதர் ஒருவரின் வலியைச் சொல்லி, 'இவருக்கு எவ்வளவு இடையூறு?' என்று எல்லா நாட்டிலும் கேட்போம். அதே மனிதரை யார் யார் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் அவரவர் அளவுகோல் தெரிந்துவிடும்.

இடது கட்டைவிரலின் அடியில் சுரீர் என்கிறது. தூக்கம் போதாததால் இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். கேள்வித்தாளை வெளியே அனுப்புவதற்கு முன் நாங்களே நிரப்பிப் பார்க்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். நான் ஏழு.

முதல் கேள்விக்கு 'கொஞ்சமும் இல்லை' என்று போட்டேன். யோசிக்கவே இல்லை. பிறகு கதைகள். மூன்றாவதில் வருகிறவளுக்கு மணிக்கட்டில் வலி. எதைத் தூக்கினாலும் கூடுகிறது, தட்டச்சு செய்தால் கூடுகிறது. அவளுக்கு எவ்வளவு இடையூறு? 'அதிகமாக' என்று போட்டேன். பாவம் என்றுகூடத் தோன்றியது.

தாளைக் கொடுத்துவிட்டு இருக்கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லையே!

இல்லை – தெரியும். மாதக் கடைசியில் என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். கை சரியில்லாதவளை யார் வைத்துக்கொள்வார்கள்? அதைவிட, பிள்ளையைத் தூக்கவே கஷ்டம் என்று ஒரு அம்மா எப்படி வாயால் சொல்வாள்?

மார்ச் 9, ஞாயிறு

பாப்பா தூங்குகிறாளா என்று மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன்.

குளிப்பாட்டத் தொட்டியில் இறக்கும்போது மணிக்கட்டு விட்டுவிட்டது. பாப்பா சரிந்துவிட்டாள். முகம் முங்கவில்லை, முங்கவே இல்லை, காதுவரைதான் தண்ணி. பக்கத்தில் துண்டோடு நின்ற என் வீட்டுக்காரர் துண்டை எறிந்துவிட்டு அவளை அள்ளி எடுத்துவிட்டார். அவள் சிரித்தாள், கடவுளே, சிரிச்சா.

"சோப்பு வழுக்கிடுச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். "சரி, விடு" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

அவர் அங்கே நின்றாரே. அது போதும். அது போதுமா?

மார்ச் 10, திங்கள்

நாள் முழுக்க வலது கையாலேயே தூக்கினேன். இப்போது அதுவும் வலிக்கிறது.

மார்ச் 12, புதன்

கதைகள் வெளியாளுக்குப் புரிகின்றனவா என்று பார்க்க, எங்கள் ஒவ்வொருவரையும் வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு யார் இருக்கிறார்? இவர்தான். பேருந்துப் பணிமனையிலிருந்து வந்து, விரலிடுக்குக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

முதல் கதையில் வந்த முதுகுவலிக்காரருக்கு 'லேசாக' என்றார். "நல்ல நாற்காலி வாங்கிக் குடுத்தா சரியாப் போயிடும்." இரண்டாவதுக்கு 'ஓரளவு'. மூன்றாவதை வேகமாகப் படித்தேன். கண்ணை எடுக்காமல் படித்தேன்.

"மிக அதிகமாக" என்றார். துணியைக் கீழே வைத்துவிட்டு, "அவ புருஷன் என்ன பண்றான்? அதை எழுதலையே."

அதெல்லாம் கேள்வியில் கிடையாது என்றேன்.

"அன்னிக்கு சோப்பு வழுக்கல. அப்ப நான் இன்னும் டப்பாவையே திறக்கல. ஜன்னல்லதான் இருந்துச்சு."

மூன்று நாளாக இவர் இதை மனசில் வைத்துக்கொண்டு, நானே சொல்லட்டும் என்று பொறுத்திருக்கிறார்.

"வண்டியில சத்தம் வந்தா ரேடியோவ சத்தமா வைக்கிற ஆளு நீ. கையைக் காட்டு."

காட்டினேன். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். கத்திவிட்டேன். பாப்பா விழித்துக்கொண்டாள். அவர்தான் தூக்கினார்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். கட்டைவிரலுக்குப் போகிற நரம்புபோன்ற தசைநார் இருக்கிறதாம், அதன் உறை வீங்கியிருக்கிறது. குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி வருவது. இந்த வாரம் மட்டும் நான் மூன்றாவது அம்மாவாம். கைக்கு ஒரு பட்டை கொடுத்தார். உள்ளங்கை மேலே பார்க்கும்படி அள்ளித் தூக்கச் சொன்னார்.

"வேலைக்கு எவ்வளவு தொந்தரவா இருக்கு?" என்று கேட்டார். எங்கள் கேள்வியேதான்! "அதிகமாக" என்றேன், அச்சடித்த தமிழில். சிரித்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

ஏழாம் எண் நான்தான், முதல் பதில் பொய், தாளைத் திருப்பித் தாருங்கள், மாற்றிவிடுகிறேன் என்று குழுத்தலைவியிடம் சொன்னேன். குரல் உடையாமல் இருக்க வேண்டுமென்று பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பழைய தாளைத் தரவில்லை. புதிதாக ஒன்றை நீட்டினார். "அது இருக்கட்டும். நம்ம குழுவிலேயே, வேலை போயிடுமோன்னு பயந்து ஒருத்தர் இப்படிப் போடறாங்கன்னா, முன்னபின்ன தெரியாதவங்க போன்ல நம்மகிட்ட என்ன சொல்லுவாங்க?"

பிறகு நான் கேட்காமலேயே என் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தார். அவரும் பார்த்திருக்கிறார்.

மார்ச் 19, புதன்

தட்டச்சு வேலை எதிர் மேசைக்காரிக்குப் போய்விட்டது. நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தொலைபேசியில் கேள்வி கேட்கிறேன். "வாயாடிக்கேத்த வேலை" என்கிறாள் அவள். என் பங்கையும் சேர்த்து அடித்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு என்ன செய்து தீர்ப்பேன்?

கேள்விக்கு முன்னால் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'உங்கள் பதில் உங்கள் வேலை கொடுப்பவருக்குப் போகாது.' அதைப் படித்ததும் இன்று ஒரு பெண் என்னை நிறுத்தினார். அதுவரை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றவர், "அப்படின்னா மொதல்லேர்ந்து கேளுங்க" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். காப்பகத்து அம்மாவுக்கு இன்றுதான் நன்றி சொன்னேன். எதுக்கு என்று கேட்டார். பட்டியல் பெரிது.

மார்ச் 30, ஞாயிறு

கை 'ஓரளவு'. ஒரு வாரத்தில் 'லேசாக' ஆகலாம்.

பாப்பாவைக் குளிப்பாட்டினோம். அவர் பிடித்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து சோப்பு போட்டது நான்.