பூட்டிய வீட்டுக்குப் போட்ட சுழியம்

ஆவணி 12, செவ்வாய்

எங்கள் வட்டாரத்துக்கு ஆம்புலன்ஸ் ஒன்றுதான். அதை எந்த ஊரில் நிறுத்துவது என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. போன வாரம் நேமத்தான்பட்டி என்று வந்தது. அங்கே வீடுகள் அதிகம், ஆனால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கும் வாய்ப்பை எண்ணாகக் கொடுத்தேன். ஆள் உறுதியாக இருந்தால் ஒன்று, பூட்டிய வீட்டுக்குச் சுழியம். கணக்கில் வண்டி கல்லல் ஊருக்கு நகர்ந்தது.

இன்று நேரில் பார்க்கப் போனேன். சுழியம் போட்ட ஒரு வீட்டின் பின்வாசலில் ஓர் அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல. வீட்டுக்காரவுக மலேசியாவுல இருக்காக. படைப்பு வச்சுச் சாமி கும்பிடத்தேன் வருவாக. எதுக்குக் கேக்குறீக?"

"அப்ப நீங்க?"

"நான் வீட்டைப் பாத்துக்கிட்டு உள்ளதேன் கெடக்கேன், பதினாலு வருசமா."

வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவரிடமும் 'யாரும் இல்ல' என்றுதான் சொல்லியிருப்பார்.

பூட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒன்று போட்டுப் பார்த்தேன். வண்டி நேமத்தான்பட்டிக்கே திரும்புகிறது, கல்லல்காரர்களுக்குத் தூரமாகிவிடுகிறது. நான் சொல்லும் இடத்திலிருந்து வண்டி ஓடும் தூரம், மிகச் சிறந்த இடத்திலிருந்து ஓடுவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகாது, அவ்வளவுதான் என் கணக்கு தரும் உறுதி. நெஞ்சுவலி வந்தவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

கடைசியில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஒன்று என்று மாற்றினேன். மற்ற பூட்டுகளுக்குப் பின்னால் யார் யார் 'யாரும் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, தெரியவில்லை.