மூக்கின் மேல் பன்னிரண்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா நலம். மூட்டுவலியைத் திட்டுகிற தெம்பு இருக்கிறது. என்னைப் பற்றி மேலே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "காந்தம் பாக்குறார்" என்று சொல்லிச் சிரிப்பாய். இன்று ஒரு தடவை சிரிக்காமல் கேள். நாங்கள் இருப்பது காந்தப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வெயில் ஏற ஏற, தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பெருகும். அதனால் பூமியின் காந்தப்புலம் காலையிலிருந்து கூடி, உச்சிப்பொழுதை ஒட்டி உச்சம் தொட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் ஏறுவது போல மறுநாள் ஏறாது. ஒரு கருவி அதைத் தானாகப் பதிந்துகொண்டே இருக்கும். அது சரியாகச் சொல்கிறதா என்று தினமும் இரண்டு வேளை நாங்கள் கையால் அளந்து பார்ப்போம். காலையில் ஒரு பெண், மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள். உச்சியில் நான், இருபத்தேழு வருடமாக. ஆபீசில் அவள் காலைக்காரம்மா, நான் உச்சிக்காரர்.

கருவியின் பதிவுக்கும் கையளவுக்கும் உள்ள இடைவெளி இரண்டு வேளையும் ஒன்றாக வர வேண்டும். நான்கு மாதமாக எங்கள் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. பன்னிரண்டு நானோடெஸ்லா வித்தியாசம்; காந்தப்புலத்தை அந்த அலகில்தான் அளப்போம். உங்களுக்கெல்லாம் அது ஒன்றுமே இல்லை, எங்களுக்குத் தூக்கம் போய்விடும். இப்படி வந்தால் முதல் சந்தேகம் இரும்பின் மேல்தான். அளக்கும் குடிலில் ஆணிகூடச் செம்புதான். சாவி, பெல்ட், கடிகாரம் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். யாரிடம் தப்பு என்று இயக்குநர் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் நான் அவளைப் பார்த்து, "கொண்டை ஊசியப் பாரும்மா" என்றேன். அவள் அங்கேயே கூந்தலை அவிழ்த்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். மறுநாளிலிருந்து நூலால் கட்டிக்கொண்டு வந்தாள். வித்தியாசம் போகவில்லை. அவளுக்கு அளக்கவே தெரியவில்லை என்று முடிவாயிற்று. இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கப்போவதில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான்.

போன செவ்வாய்க்கிழமை, நான்கு மாதத்துக்கு முன் நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் மறந்துவிட்டுப் போய்விட்டேன். ஆபீஸ் டிராயரில் கிடந்த பழைய கண்ணாடியைப் போட்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அளந்தேன். அன்றைக்கு இரண்டு கணக்கும் அப்படியே ஒத்துப்போயின.

உன் மேல் தப்பில்லை, குட்டி. இரும்பில்லாத பிரேம் என்று கேட்டுத்தான் வாங்கினாய். காதுக்கம்பி மடங்குகிற இடத்தில், உள்ளே பொடியாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. புதிதாக எதைப் போட்டு வந்தாலும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். ஆனால் பதிவேட்டில் 'மாற்றிய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கண் மங்குகிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் கருவிப் பக்கமே விடமாட்டார்கள். அவளுடைய கொண்டை ஊசியைக் குறை சொன்ன நேரத்தில், இரும்பை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு நின்றது நான்.

மூன்று நாள் ஆபீசில் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான், "போய்ச் சொல்லிட்டு வாங்க. உம்முன்னு நீங்க சாப்பிடுறத எதிர்ல உக்காந்து பாக்க முடியல" என்று விரட்டினாள்.

இன்று காலை முதலில் அந்தப் பெண்ணிடம்தான் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "கழட்டிக் குடுங்க சார்" என்றாள், அவ்வளவுதான். அளக்கும்போது என் முகம் இருக்கிற தூரத்தில் கண்ணாடியைக் கருவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். "பன்னிரண்டு" என்றாள். பதிவேட்டில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். கண்ணாடி அவள் கையில் இருந்தது. எனக்குக் கட்டம் எங்கே என்று தெரியவில்லை. பேனாவோடு அப்படியே நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, பேனா முனையைக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். "எத்தன நாளா சார் இப்படி?" என்று கேட்டாள். காரணம் என்ற கட்டத்தை அவள் காலியாகவே விட்டுவிட்டாள். நான்தான் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, உள்ளதை அதில் எழுதினேன்.

அவளை நீக்கக் கூடாது என்று இயக்குநரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார். நாளையிலிருந்து உச்சி அளவும் அவள்தான். வழக்கமாக அளக்கப் போகும் பதினொரு மணிக்கு இனி நான் எங்கே நிற்பேன் என்று தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ "இங்கேயே வந்துடுங்கப்பா" என்று சொன்னபோதெல்லாம், உச்சிக்கு யார் அளப்பது என்று கேட்டு உன் வாயை அடைத்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடு, குட்டி. கொஞ்சம் சீக்கிரமாகக் கூப்பிடு. உன் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியும்போதே வந்துவிட வேண்டும்.

உன்,
அப்பா