வெள்ள வருடத்தில் வாசித்தது யார்?

என் வசந்தா அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதாதவனை இப்போது எழுத வைத்துவிட்டார்கள்.

நம் வானொலி நிலையத்துக்கு ஜொகூர் பாருவில் ஆண்டு விழா எடுத்தார்கள். குளுகுளு மண்டபம், பிரியாணி, எல்லாம் தடபுடல்தான். நிலையத்தின் வரலாறு என்று வழவழ தாளில் ஒரு புத்தகமும் கொடுத்தார்கள், வருடத்துக்கு ஒரு பக்கம். உட்கார்ந்ததும் வெள்ளம் வந்த வருடத்தைத்தான் புரட்டினேன். 'தொழில்நுட்பர் அந்தோணியின் அயராத உழைப்பால் ஒலிபரப்பு மூன்று நாளும் தடையின்றி நடந்தது' என்று போட்டு, பக்கத்தில் என் படம். நீங்கள் எங்கே அக்கா? ஒரு வரி? ஓர் எழுத்தாவது?

நான் என்ன கிழித்தேன் என்று எனக்குத் தெரியாதா? பொத்தானை அழுத்தினேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன். கோத்தா திங்கி வெள்ள நிவாரண முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களை மூன்று நாளும் தொண்டை கட்டக் கட்ட வாசித்த அறிவிப்பாளர் யார்? போன் எல்லாம் செத்துக்கிடந்த நேரம். தங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஜனங்களுக்கு வேறு வழியே இல்லை.

பட்டியலில் இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் லெட்சுமி மட்டும் எத்தனை பேர்! நேரம் போதாது, வெறும் பெயரை மட்டும் வாசித்தால் போதும் என்றார் மேலதிகாரி. நீங்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தீர்கள்.

"அப்பா பேரையும் தோட்டத்து பேரையும் விட்டுட்டா, எந்த லெட்சுமின்னு வீட்டுல எப்படி சார் தெரியும்? நேரம் பத்தலன்னா பாட்ட கொறைங்க."

பாட்டைக் குறைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர் போனது.

விழா முடிந்த மறுநாளே புத்தகத்தைத் தொகுத்த பெண்ணிடம் போய்க் கேட்டேன். சின்னப் பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "அங்கிள், அப்போ உள்ள டியூட்டி புக்ல உங்க சைன் மட்டும்தான் இருக்கு லா. பார்ட்-டைம் ஆளுங்க பேர அதுல எழுதவே இல்ல" என்றாள்.

பார்ட்-டைமாம்! மூன்று நாள் வீட்டுப் பக்கமே போகாதவருக்கு அந்தப் பெயர். கடைசிவரை உங்களை நிரந்தரமாக்காமல் இழுத்தடித்தார்கள். செத்த பிறகும் அதையே சொல்லி வாசலில் நிறுத்துகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. உங்கள் மகள் மீனாவை விழாவுக்கு வற்புறுத்தி அழைத்தவன் நான்தான். அம்மா பெயரைச் சொல்வார்கள், கட்டாயம் வா என்றேன். செனாய் தொழிற்சாலையில் லீவு போட்டு, உங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை வாசித்து, பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கையில் கொடுத்தார்கள். உங்கள் பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொன்னேன். கைதட்டல் கேட்க நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

கீழே இறங்கினேன். அவளே கிட்டே வந்தாள்.

"பரவால்ல மாமா. நீங்க சாப்பிட்டீங்களா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை அந்தப் பொன்னாடையை நிலையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். டியூட்டி புக்கில் இல்லையென்றால் என்ன, கண்ணால் பார்த்த சாட்சி நான் இருக்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பக்கத்தை மாற்றும்வரை தினமும் போய் உட்காருவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மாற்றிய புத்தகத்தை நானே மீனா வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் காதுபட உங்கள் பெயரை வாசிப்பேன். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் கை நனைப்பேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
அந்தோணி