ஒரே வூட்டுல ரெண்டு சின்னம்

நெல்லிவாசல்நாடு
16.3.1986

அன்பு மகள் பூங்கோதைக்கு அப்பா ஆசி சொல்லி எழுதுறது. மலையில இந்த வருஷம் சாமை நல்லா வெளைஞ்சுது, உங்கம்மாவுக்கு முட்டிவலி கொறைஞ்சிருக்குது, அதனால நாங்க சௌக்கியம்னு நீயே தெரிஞ்சுக்கோ. ஜோத்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் பேரப்புள்ளையும் அதே மாதிரி நல்லா இருக்கணும், அங்க வெயில் பொல்லாததுன்னு மாப்பிள்ளை எழுதியிருந்தாரு, புள்ளையைத் தலையில துணி போடாம வெளிய தூக்கிக்கினு போவாதே. போன மாசம் ஏன் கடுதாசி வரலைன்னு கோச்சுக்காதே, இங்க பஞ்சாயத்து எலெக்ஷன் வந்து எல்லாரையும் ஒரு ஆட்டு ஆட்டிட்டுது. உங்கம்மா ஒரு மாசம் சரியா சோறு தின்னல. இப்ப சிரிச்சுக்கினு இருக்கா, அதான் நிதானமா உக்காந்து எழுதுறேன்.

உன் கண்ணாயிரம் மாமாவைப் பத்தி உனக்குத் தெரியாததா. உங்கம்மாவுக்கு ஒரே தம்பி, ஆளுங்கட்சி எதுவோ அதுல போய் நிப்பாரு. ஏன்யா இப்படி மாறிக்கினே இருக்கறேன்னு நான் கேட்டா, மச்சான், ஆட்சி எங்க இருக்குதோ அங்கதான் பஸ்ஸு இருக்குது, நான் நம்ம மலைக்கு வர வேண்டிய பஸ்ஸு பின்னால ஓடுறேன்னு சொல்லுவாரு. பாவம், அவர் ஒரு கட்சியில சேர்ந்த கொஞ்ச நாள்ல அந்தக் கட்சி ஆட்சியை விட்டு எறங்கிடும். அவரும் புதுசா வேற கலர்ல துண்டு வாங்குவாரு. நாலாவது தடவையா தையில ஒரு கட்சியில சேர்ந்தாரு. கீழ டவுன்ல மேடை போட்டு, என்னோட மலைசனம் அம்பது குடும்பம் சேருதுன்னு மைக்ல பேர் பேரா படிச்சிட்டாரு. அதுல மொதல் பேரு அவர் சம்சாரம், உன் சம்பூர்ணம் அத்தை பேரு.

அத்தைக்கு இந்தச் சேதி சந்தையில எவனோ சொல்லித்தான் தெரியும். வூட்டுக்கு வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்டியா, நான் இன்னா உன் துண்டா, நீ தோள் மாத்திப் போட்டுக்கறதுக்குன்னு கேட்டுச்சாம். மறுவாரம் மாமா ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஏணி சின்னத்துல நின்னாரு. அத்தை நேரா போயி, அதே பதவிக்கு விளக்கு சின்னம் வாங்கிக்கினு வந்துடுச்சு. போன வருஷம் மழையில பாதை அறுத்துக்கினு போனப்ப பொம்பளைங்களைக் கூட்டிப் போயி, கடப்பாரை போட்டு பாறையைப் பேத்து ஜீப் வர்ற மாதிரி ஆக்குனதே அத்தைதான், நீ பாக்கல. அந்தப் பொம்பளைங்க அத்தனை பேரும் பின்னால நின்னாங்க.

உங்கம்மா நெலமைதான் மோசம். ஒரு பக்கம் கூடப்பொறந்தவன், ஒரு பக்கம் அவளோட தோழி. யாருக்குடி ஓட்டுன்னு நான் கேட்டா அடுப்பைப் பாத்து ஊதுவா. இந்தக் குடும்பம் பிரிஞ்சிடுமேன்னு அழுவா. ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுலதான் இருந்தாங்க. சொவத்துல இந்தப் பக்கம் ஏணி, அந்தப் பக்கம் விளக்கு. மாமாவோட ஓட்டு கேக்க வர்ற ஆளுங்களுக்குக் களி கிண்டிப் போடறது அத்தை. போட்டுட்டு, வயிறார தின்னுட்டு ஓட்டை எனக்குப் போடுங்கன்னு சொல்லும். மாமா அதைக் கேட்டுக்கினே தின்னுவாரு.

ஓட்டு எண்றன்னிக்கு நாங்க எல்லாரும் ஜீப்புல கீழ போனோம். மாமா ஆளுங்க பெரிய சம்பங்கி மாலையா வாங்கி வெச்சிருந்தாங்க. மத்தியானம் ஆபீசர் வந்து விளக்கு ஜெயிச்சுதுன்னு சொன்னாரு, கொஞ்சநஞ்ச வித்தியாசமில்ல. பொம்பளைங்க போட்ட சத்தத்துல மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துபோச்சு. உன் மாமா மட்டும் அப்படியே நின்னாரு. மூஞ்சி கறுத்துப்போச்சு. கூட வந்தவன் ஒவ்வொருத்தனா நழுவுனான். அத்தையும் சிரிக்கல, அவரையே பாத்துக்கினு நின்னுது. உங்கம்மா என் கையைப் புடிச்சது வலிச்சுது. அப்புறம் மாமா மெதுவா துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. எங்கடா மாலைன்னு கேட்டு வாங்கினாரு. கூட்டத்தை வெலக்கிக்கினு போயி அத்தை கழுத்துல போட்டு, நம்ம கல்யாணத்துல கூட இவ்ளோ பெரிய மாலை நான் போடலன்னாரு. அதுக்குமேல அத்தையால தாங்க முடியல, அங்கயே அழுதுட்டுது.

அப்புறம் பாக்கணுமே கூத்தை. மேளத்துக்கு முன்னால அவர்தான் ஆடுனாரு. மச்சான், அஞ்சாவது தடவையா மாறிட்டேன், இனிமே நான் விளக்குக் கட்சின்னு கத்துனாரு. அத்தை கண்ணைத் தொடைச்சுக்கினு, சேத்துக்கறதா வேணாமான்னு நாங்க பொம்பளைங்க கூடிப் பேசித்தான் சொல்லுவோம்னுச்சு. மலை ஏறுறவரைக்கும் ஜீப்புல ஒரே சிரிப்பு. நானும் கொஞ்சம் ஆடினேன், இந்த வயசுல. உங்கம்மா அதை உனக்கு எழுதக் கூடாதுன்னா.

புளி காய்ஞ்சதும் கொட்டை எடுத்து பார்சல் போடறோம். மாப்பிள்ளையை டியூட்டிக்குப் போறப்ப காரமா சாப்பிட விடாதே. முருகன் அருளால நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நீடூழி இருக்கணும். ஒரு விஷயம் மறந்துடாதே. அத்தைக்குத் தனியா ஒரு கடுதாசி போடு. கவர் மேல கண்ணாயிரம் சம்சாரம்னு எழுதாம, சம்பூர்ணம், ஊராட்சித் தலைவர்னு கொட்டை எழுத்துல எழுது. இதை எழுதச் சொன்னதே உன் மாமாதான்.

உன் அன்புள்ள அப்பா,
அருணகிரி