மாதா கோயில் மணிச் சுத்தியலுக்கு ஒரு குல்லா

அன்பு மச்சான் லூர்துவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் கரண்ட் எப்படி? இங்கே வழக்கம்போலத்தான். சொல்லாமல் வருகிறது, சொல்லாமல் போகிறது. நீயும் அப்படித்தான் போனாய் என்று சொன்னால் உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா தங்கச்சி என்னைக் கோபித்துக்கொள்வாள், அதனால் சொல்லவில்லை.

மாதா கோயில் திருவிழா மலருக்கு உன்னைப் பற்றி நாலு வரி வேண்டும் என்றார்கள். எனக்கு எழுதத் தெரியாதது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்வதைவிட உன்னிடமே பேசுவது எனக்குச் சுலபம். மலர் வாங்கியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஊர் சேதி. சம்பா தப்பித்துவிட்டது. உளுந்தும் எடுத்தாகிவிட்டது. உன் மகன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்கிறான். நீ சரி பண்ணிக் கொடுத்த மிக்சி இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஒரே ஒரு குறை, சட்னி அரைத்தால் மேலே ஃபேனும் சேர்ந்து சுற்றுகிறது. அது எப்படி என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியவில்லை. வெயில் காலத்தில் நாங்களே சட்னி அதிகமாக அரைக்கிறோம்.

ஊரே பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாடு போன காலம் உனக்கு நினைவிருக்கிறதா? துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று ஆளாளுக்குப் போனார்கள். வரும்போது ரேடியோவும் டிவியும் கொண்டு வந்தார்கள். நம் ஊர் கரண்டைப் பார்த்ததும் அதெல்லாம் பயந்து உயிரை விட்டது. எல்லாம் உன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். "மூணு நாள் கழிச்சு வாங்க" என்பாய். "ஏன் லூர்து, ஒரு நாள்ல ஆவாதா?" என்று கேட்டால், "எங்க ஆண்டவருக்கே மூணு நாள் ஆச்சு, ஒங்க டேப்ரிக்கார்டருக்கு என்ன அவசரம்?" என்பாய்.

எந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலும் ஸ்க்ரூடிரைவரால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாய். நான் என் பங்குக்குப் பிள்ளையாரைக் கும்பிடுவேன். "ரெண்டு பேரையும் கூப்புடாதடா, யாரு மொதல்ல வர்றதுன்னு சண்ட வந்துரும்" என்று நீ சிரிப்பாய். ஆனால் சிரிப்புக்கு நடுவிலும் உன் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

கோழி வலையை வளைத்து நீ டிஷ் செய்த கதையைச் சொல்லாமல் போக மனது வரவில்லை. அதை உன் வீட்டு மாடிக்கு ஏற்ற எட்டு ஆள் வந்தோம். மாலையில் திருப்பித் திருப்பி வைத்து, கடைசியில் ஒரு படம் வந்தது. ஒரு வெள்ளைக்காரம்மா, பின்னால் ஒரு வரைபடம். என்ன பாஷை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த ஊரிலோ மழை பெய்யுமா பெய்யாதா என்று சொல்கிறாள் என்று நீதான் கண்டுபிடித்தாய். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. ஒரு கிழவர் மட்டும், "நம்ம பக்கம் எப்ப பெய்யுமாம், கேட்டுச் சொல்லு லூர்து" என்றார்.

"அப்பா, மணிக்கு வாங்க" என்கிறாள் மகள். வருகிறேன்.

மாதா கோயில் மணியைக் கயிறு இழுத்து அடித்துக்கொண்டிருந்த அந்தோணி துபாய்க்குப் போனான் அல்லவா? அதற்குப் பிறகு கயிறு இழுக்க ஆள் இல்லை. இன்றைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர், நாளை மறுநாள் யாருமில்லை. அப்போதுதான் நீ கோபுரத்தில் ஏறினாய். சிங்கப்பூர்க் கடிகாரம் ஒன்று, பழைய லாரியில் மழைத் தண்ணீர் துடைக்கிற வைப்பர் மோட்டார், ஒரு சைக்கிள் செயின், கொல்லுப்பட்டறைச் சுத்தியல். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் ஆறு, பகலில் பன்னிரண்டு, மாலையில் ஆறு. வெள்ளிக்கிழமை மட்டும் உங்கள் ஆண்டவர் உயிர்விட்ட நேரத்துக்காகப் பகல் மூன்று மணிக்கும் அடிக்கும்படி வைத்தாய். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது என்று லாரி பேட்டரியையும் மாட்டினாய்.

"சுவிட்ச் எங்கடா?" என்று நான் கேட்டேன். "மணிக்கு எதுக்குடா சுவிட்ச்? வச்சா எவனாவது அமத்துவான்" என்றாய். அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நம் ஊரில் நடவு நடுகிற பெண்கள் பன்னிரண்டு மணி கேட்டுத்தான் கரையேறுகிறார்கள். எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி அதே மணிக்குத்தான் நடை சாத்துகிறார். இதெல்லாம் உனக்குப் பெருமை. எனக்கும்தான்.

சரி, இந்தப் பெரிய வெள்ளிக்கு நடந்ததைக் கேள். பெரிய வியாழன் பூசையில் ஒரு பாட்டுக்கு மணி அடித்தால், அதற்குப் பிறகு ஆண்டவர் உயிர்த்தெழுகிற சனிக்கிழமை இரவுப் பூசையில் வானவர் கீதம் பாடும்வரை துக்கத்துக்காக மணி வாய் திறக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்ட வேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். வருஷா வருஷம் பெரிய வியாழன் பூசை முடிந்ததும் நீ ஏறுவாய், நான் ஏணி பிடிப்பேன். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்குவாய். "டைமிங்க மாத்தியாச்சு" என்பாய், ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி. மேலே என்ன செய்தாய் என்று நான் கேட்டதே இல்லை. நீ இல்லாத முதல் பெரிய வியாழன் இது. யாருக்குமே ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு டாங் டாங் என்று உன் மணி கணீரென்று அடித்திருக்கிறது. ஆண்டவர் துக்கத்துக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் திடுக்கிட்டுப்போனார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைத் தலைவர் சவரிமுத்து ஓடிப்போய் மெயினை அமத்தினார். பன்னிரண்டுக்கு மறுபடியும் அடித்தது. பேட்டரி இருக்கிறதே! அடுத்தது மூன்று மணி. மூன்றுக்குத்தான் பெரிய வழிபாடு ஆரம்பம். பூசை வைக்கிற சாமியார் பீடத்துக்கு முன்னால் முகம் குப்புறப் படுப்பார், ஊரே முழங்காலில் இருக்கும், ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கும். அந்த நேரத்தில் உன் சுத்தியல் எழுந்தால்?

உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த என்னைக் கையோடு கூட்டிப்போனார்கள். கோபுரத்தின் அடியில் சவரிமுத்து கட்டிங் பிளேயரோடு நிற்கிறார். ஸ்டெல்லா பக்கத்தில் நிற்கிறாள்.

"கோவிந்து, நீதான் அவங்கூடவே கெடந்தவன். எந்த வயர வெட்டணும், சொல்லு."

"தலைவரே, எல்லா வயரும் செவப்பு. அவனுக்கு துபாயிலேர்ந்து வந்த சுருள் அது ஒண்ணுதான்."

"அப்ப எல்லாத்தயும் வெட்டிருவோம்."

"வெட்டுனா சேக்க ஆளு இல்லிங்க. கடியாரம் நின்னா அத மறுபடி நேரத்துக்கு வைக்க அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அத்தோட மணி போச்சு."

"போவட்டுமே. மெட்ராஸ்ல புது மிஷின் விக்கிறான். வெளிநாட்டுப் பசங்க வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டானுவ. எத்தன நாளைக்கி இந்த லாரி மோட்டார வச்சுக்கிட்டு?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "வெட்டிருங்கண்ணே" என்றாள். "ஆண்டவரு துக்கத்த விட இவரு பெட்டி பெருசா?" வாய்தான் அப்படிச் சொன்னது. அவள் கை அந்த ஏணியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது, விடவே இல்லை. மாலை ஆறு மணி அடித்தால் விளக்கேற்றிவிட்டு, "ஒங்கப்பா அடிச்சிட்டாரு" என்று போனில் மகனிடம் சொல்கிறவள் அவள். அது நின்றுபோனால் அந்த வீட்டில் மாலை எப்படி வரும்?

"ஏறிப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். "சீக்கிரம்யா" என்று சவரிமுத்து பிளேயரை என் இடுப்பில் செருகினார்.

ஏறினேன் மச்சான். இத்தனை வருஷம் கீழே நின்றவன் முதல் முறையாக மேலே. புறா எச்சம், சிலந்தி வலை, நடுவில் உன் பெட்டி டிக் டிக் என்று ஓடுகிறது. கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கீழே பாட்டு நின்றது, எல்லோரும் முழங்காலில் விழுகிற சத்தம் கேட்டது. பிளேயரை எடுத்தேன். சிவப்பு வயர்க் கற்றையைப் பிடித்தேன். வெட்ட வரவில்லை. வயரை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவிச் சுத்தியல் தலையில் சுற்றலாம் என்று கையை நீட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். சுத்தியலுக்கு மேலே சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு பை. கட்டம் போட்ட உன் பழைய லுங்கித் துணி, உள்ளே பஞ்சு, வாயில் சுருக்குக் கயிறு. எடுத்துச் சுத்தியல் தலையில் மாட்டினால் அளவெடுத்துத் தைத்த குல்லா மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அடப்பாவி! இதுதானா உன் டைமிங் மாற்றம்?

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன், சுத்தியல் எழுந்தது. டொக். டொக். டொக். கணீர் இல்லை, நாதம் இல்லை. கேட்டால் மரக்கட்டையைத் தட்டுகிற சத்தமேதான். கீழே ஒருவரும் அசையவில்லை. நான் அந்தப் புறா எச்சத்தின் மேலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் பெரிய வெள்ளியில் சிரித்ததற்கு உன் ஆண்டவரிடம் நீதான் எனக்காகச் சொல்ல வேண்டும்.

வழிபாடு முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது ஒரு பாட்டி சவரிமுத்துவிடம், "எப்பவும் போல இந்த வருசமும் கட்டை தட்டுனது ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா, மேலேர்ந்து கேட்டாப்புல" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா வாயில் கை வைத்தாள்.

"சுருக்குப் பையா? பஞ்சு வச்சதா? அண்ணே, அத நான்தான் தச்சேன்! மிக்சி ஜாருக்கு உறைன்னு சொன்னாருண்ணே. தலவாணியில பஞ்சு கொறஞ்சிருக்கேன்னு நான் எலியப் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

சாமியாரே சிரித்துவிட்டார், பெரிய வெள்ளி என்றும் பாராமல்.

சவரிமுத்து மட்டும் விடவில்லை. "இந்த வருசம் தப்பிச்சோம் சாமி. அடுத்த வருசமும் மறந்தா? புது மிஷின்ல ரிமோட் இருக்கு. ஒரு பட்டன அமுக்குனா கப்சிப்."

"கரண்ட் இல்லன்னா அது அடிக்குமா?" என்று சாமியார் கேட்டார்.

"அதுக்கென்ன, பேட்டரி மாட்டிக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சவரிமுத்துவுக்கும் கொஞ்சம் கழித்துப் புரிந்து, அவரும் சிரித்தார். நல்ல மனுஷன்தான், உனக்குத் தெரியுமே.

"பெட்டி இருக்கட்டும்" என்றார் சாமியார். "ஆனா வருசா வருசம் மறக்காம குல்லா மாட்ட ஒரு ஆளு வேணும். யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "இவரு நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு நம்ம கோபுரத்துல ஏறுனா, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"இத்தன வருசமா ஏணி புடிச்சாரே, அப்ப மட்டும் பட்டை அழிஞ்சா இருந்துச்சு?" என்றாள் ஸ்டெல்லா. அவள் பெரியவர்கள் முன்னால் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

ஆக, மச்சான், உன் பெட்டி தப்பித்தது. எனக்கு மாதா கோயிலில் உத்தியோகம் கிடைத்தது.

சனிக்கிழமை இரவுப் பூசைக்கு மேலே ஏறிக் காத்திருந்தேன். வானவர் கீதம் ஆரம்பித்ததும் குல்லாவைக் கழற்றிவிட்டுச் சுத்தியலைக் கையால் இழுத்து அடிக்க வேண்டும், பாட்டு முடிந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாட்டு ஆரம்பித்தது. அடித்தேன். என் கையால், உன் மணியை. கோபுரமே அதிர்ந்தது, புறாக்கள் எல்லாம் பறந்தன. அடிக்க அடிக்க நீ பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும்" என்று சொல்கிற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்தது எனக்குத் தெரியவில்லை. சாமியார் அடுத்த ஜெபத்தைச் சொல்ல முடியாமல் கையை விரித்தபடி நிற்கிறாராம். சவரிமுத்து ஏணியடிக்கு ஓடிவந்து, "கோவிந்து, போதும்யா, ஆண்டவரு எழுந்திருச்சிட்டாரு!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் குரல்: "அடிக்கட்டும் விடுங்க."

இன்னும் கொஞ்ச நேரம் அடித்தேன்.

என் கையும் காலும் ஆடுகிறவரை பெரிய வியாழன் பூசை முடிந்ததும் குல்லா ஏறும், சனிக்கிழமை இரவில் இறங்கும். இது சத்தியம். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவேன் என்று மட்டும் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்டெல்லாவோடு கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு என்றைக்கும் மச்சானான
கோவிந்தராசு