அண்ணன் பெயரில் போன மேகங்கள்

மேகம் பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்ட என் அருமை அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் கையெழுத்தைப் போட்டேன். காப்பிகூடப் பிறகுதான். மேகமலை உச்சி மூடியிருக்கிறது, மேல்காற்று, மழை இல்லை. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் சின்னமனூரிலிருந்து விமானங்களுக்கு வானிலைத் தந்தி ஒருநாளும் தவறாமல் அனுப்பிவருகிறீர்கள்.

உங்களை எடுத்த மறுநாள் போஸ்ட்மாஸ்டர் தந்தித் தாளைத் தொடவே மறுத்தார்.

"செத்தவுக பேருல எப்பிடி ஆத்தா தந்தி குடுக்கிறது?"

"மலைக்கு மேல ஏரோப்பிளேன் வருது. ஓட்டுறவுக மேகம் இருக்கான்னு கேப்பாகளா, எங்கண்ணன் இருக்காகளான்னு கேப்பாகளா?"

வாய்க்குள் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். என் பெயரில் இந்த வேலையைக் கேட்டால் பெண்ணுக்குக் கொடுப்பார்களா? வானிலை இலாகாக்காரர்கள் வந்து நம் வீட்டுக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால்?

பதினாறாம் நாள் நம் சித்தி, உங்களுக்குத் தாகமாயிருக்கும் என்று மழை அளக்கும் செம்புக் குடுவையில் இளநீரை ஊற்றிவிட்டார். "எந்நேரமும் அங்கனதான நிப்பான்?" என்று ஒரு நியாயம் வேறு. நான் மட்டும் முகர்ந்து பார்த்திராவிட்டால், அந்த மாசி வெயிலில் நம் ஊரில் அரை அங்குல மழை பெய்திருக்கும்.

நேற்று இலாகாவிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம். மூன்று மாதமாக உங்கள் குறிப்புகள் வெகு துல்லியமாம். மாதாமாதம் அனுப்பும் தாளில் எழுத்தும் திருந்தியிருக்கிறதாம். கோபப்படாதீர்கள். விமானத்துக்குள்ளிருந்தே தூரத்து மழையைத் திரையில் காட்டும் ரேடார் என்ற கருவி வந்திருக்கிறது. அதை இயக்கவும் பராமரிக்கவும் பழகிக்கொள்ள, வரும் திங்களன்று மதராசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் உங்கள் இடம் வேறொருவருக்கு.

படித்துக் காட்டியதும் போஸ்ட்மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "காய்ச்சல்ல கிடக்காகன்னு எழுதிப்போடுங்காத்தா. அப்புறம் மெல்லச் சாகடிச்சுக்கிருவோம்."

சிரித்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை சிரித்தேன். பிறகு முடியவில்லை. உங்களை இன்னொரு தடவை சாகக் கொடுக்க என்னால் ஆகாது, அண்ணே.

நான் பௌதிகம் படித்து வாங்கிய பி.ஏ. பட்டம் இருபது வருடமாகப் பெட்டியில் கிடக்கிறது. அந்தத் திரையில் மழை எப்படித் தெரியும்? புள்ளியாகவா, புகையாகவா?

இதை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. திங்களன்று நான் போகிறேன். மூன்று மாதத் தாள்களின் நகல்களையும் மேசைமேல் வைத்து, "இதெல்லாம் நான் எழுதியது, அவர் இல்லை" என்று சொல்லப்போகிறேன். வழக்குப் போட்டாலும் போடட்டும். அதற்குமுன் அந்தக் கருவியை ஒருமுறை திறந்து காட்டச் சொல்வேன். காட்டினால், அதன் கண்ணாடியை, நீங்கள் வெப்பமானியைத் துடைத்ததுபோல் வேட்டி முனையால் துடைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கை,
ராஜம்மாள்